காப்பகத்துக்குப் போகும் பிள்ளைகள் கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியேறிய பெண்கள் தங்கியிருக்கும் காப்பகத்துக்குக் கல்லூரி மாணவிகள் போர்வை வழங்கிய செய்தி அது. மாணவிகளுக்குப் பின்னால் கட்டடத்தின் பெயர்ப்பலகை தெரிகிறது. அதற்குக் கீழே தெருப்பெயரும் தெரிகிறது. போர்வையை வாங்கும் பெண் முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மூடியிருக்கிறார். அவர் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு மூடிக்கொள்ள ஒன்றுமில்லை. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த மாணவிகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனசோடு போயிருக்கிறார்கள். ஏழு வருஷத்துக்கு முன்பு இதே தவற்றை நானும் செய்தேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, வேறு யாரோ கொடுத்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். 2018 ஜூனிலிருந்து நான்கு வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். ஓர் அலகுக்கு நூறு பிள்ளைகள். ஆளுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பனைவிதை ஊன்றினோம், கண்தான ஊர்வலம் போனோம், குளக்கரையில் கருவேலம் வெட்டினோம். அந்த டிசம்பரில் பெண்கள் காப்பகத்துக்குப் போகலாம் என்று பிள்ளைகளே கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கல்லூரிப் பேருந்தில் 42 பேர் போனோம். பேனர் கொண்டுபோனோம். சோப்பு, தேங்காய் எண்ணெய், நாப்கின், ஆளுக்கொரு கேக். பிள்ளைகள் பாடினார்கள். ஒரு மாணவி, ஆர்வம் தாங்காமல், "உங்க கதையைச் சொல்லுங்கக்கா" என்று கேட்டாள். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. கிளம்பும்போது எல்லாரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தோம். சாதாரணப் படம் போதாது. இடம், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் படத்தின் அடியில் பதிவாகும் செயலியில் எடுத்தால்தான் கல்லூரியின் தர மதிப்பீட்டு ஆவணத்தில் சேரும். ஜியோ டேக் என்பார்கள். பேராசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒளிந்திருக்கும் பெண்களின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த வாசலுக்கு வரும் வழியை எண்ணாகப் படத்தின் மேலேயே எழுதிவிட்டோம்.

அன்று ராத்திரி ஒரு மாணவி அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அவளுடைய சித்தப்பா மகன் பார்த்தான். அவன் வேலை பார்க்கும் பட்டறையில் இன்னொருவன் பார்த்தான். மூன்றாம் நாள் காலையிலிருந்து காப்பகத்துக்கு எதிர்த்த டீக்கடையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஆள் வருவதற்குள் எழுந்து போய்விட்டான். அன்று இரவே, அவன் தேடி வந்த பெண்ணையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் வாடகைக் காரில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். மூத்தவன் ஆறாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் கணக்குப் பரீட்சை.

அவசரத்தில் அவன் ஜாமிட்ரி பாக்ஸ் மேசையிலேயே இருந்துவிட்டது. மூடியில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் நீலப் பேனாவால் பெயர் எழுதியிருந்தான். உள்ளே கவராயம், பாகைமானி, பல்தடம் பதிந்த பென்சில், நாலாக மடித்த தேர்வு அட்டவணை. முடிந்த பரீட்சைகளை அதில் அடித்திருந்தான். இரண்டு பரீட்சை அடிக்காமல் இருந்தது.

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கப் போனபோது வார்டன் அம்மா அந்தப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதை அங்க கொண்டுசேக்க எனக்கு வழியில்ல டீச்சர். அட்ரஸ் எழுதி ஒரு பார்சல்கூட போடக்கூடாது. நீங்களே வச்சுக்கிடுங்க." அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. துறையில் என் மேசை இழுப்பறையில் அது இன்றும் இருக்கிறது.

ஆறேழு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. 2019 ஜூலையில் தனியாகப் போய், உண்மையிலேயே உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டேன். முதல் தடவை கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"துணிமணி வேண்டாம் டீச்சர். போர்வை பீரோ நிறைய கெடக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிலருந்து ஒரு மணி வரைக்கும் பிள்ளைகளைப் பாத்துக்கிட ஆள் வேணும். அந்த மூணு மணி நேரம் இவளுவ படுத்துத் தூங்கட்டும்."

தூக்கமா என்று யோசித்தேன். பிறகு அங்கிருக்கும் பெண்களோடு பழகப் பழகத்தான் புரிந்தது. வருஷக்கணக்காக ராத்திரியில் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே தூங்கியவர்கள். வண்டி நிற்கும் விதத்தை வைத்தே அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டவர்கள். காப்பகத்துக்கு வந்தும் தெருவில் பைக் போனால் முழித்துக்கொள்வார்கள். பகலில், பிள்ளைகளை யாரோ பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கண் அயரும்.

நாற்பது பேர் கைதூக்கியதில் ஆறு மாணவிகளை எடுத்தோம். எல்லாரும் இரண்டாம் ஆண்டு. படிப்பு முடியும்வரை அதே ஆறு முகம். கைபேசியை வாசல் அறையில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காப்பகம் எங்கே இருக்கிறது என்று வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. என்ன நடந்தது என்று யாரையும் கேட்கக்கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், வெளியே கொண்டுபோகக்கூடாது. "எல்லாம் சரியாயிரும்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. வர முடியாது என்றால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு வார்டன் அம்மா சொன்ன காரணம் என் மனதில் அப்படியே நிற்கிறது: "வாறேன்னு சொல்லிட்டு வராம போற ஆளுகளை இந்தப் பிள்ளைக ஏற்கெனவே நிறைய பாத்திருக்கு டீச்சர்."

கேட்காமல் இருப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2021 நவம்பர். கொரோனாவுக்குப் பிறகு சின்ன வகுப்புகள் அப்போதுதான் திறந்திருந்தன. புதிதாக வந்த ஏழு வயதுப் பெண் குழந்தை யாரிடமும் பேசவில்லை. இரண்டு ஞாயிறு சும்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் ஞாயிறு அவளே எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டாள். என் மாணவிகளையும் மற்றப் பிள்ளைகளையும் உட்காரச் சொன்னாள். வாயாலேயே விசில் ஊதினாள். பாவாடை இடுப்பில் செருகியிருந்த கசங்கிய சீட்டுகளை எடுத்து, "லேடீஸ்லாம் சும்மா, லேடீஸ்லாம் சும்மா" என்று ஆளுக்கொன்று கொடுத்தாள். நாலே சீட்டுதான் இருந்தது. நாலாவது ஆளுக்குக் கொடுத்ததும், "எறங்கு எறங்கு, அடுத்த பஸ் மாறணும்" என்றாள். எல்லாரும் இறங்கினார்கள். சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னாள்.

அவை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டுகள். அவள் அம்மா கையில் பத்துப் பைசா இல்லாமல், விடியுமுன்னே கைக்குழந்தையையும் இவளையும் கூட்டிக்கொண்டு, நாலு டவுன் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். தூரப் பயணப் பேருந்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம், டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறியதில் மத்தியானம் ஆகிவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் அந்தச் சலுகை வராதிருந்தால் அந்தக் காலையில் அவர் கிளம்பியே இருக்க முடியாது. கேள்வி கேட்டுப் படிவத்தில் நிரப்பிக்கொள்ளும் அலுவலர்கள் காப்பகத்துக்கு நிறையப் பேர் வருகிறார்கள், அது அவர்கள் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு வாங்கிக்கொண்டு, இறங்கச் சொன்னால் இறங்கி, ஏறச் சொன்னால் ஏற, இந்தப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தை அன்றைக்கு எத்தனை முறை பஸ் ஓட்டினாள் என்று கணக்கில்லை. ஒரு மணிக்குப் பிறகும் என் மாணவிகள் இறங்கவில்லை.

அவளைப் பள்ளியில் சேர்ப்பது பெரும் பாடு. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிச் சேர்த்துவிடலாம். ஆனால் பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும் எமிஸ் எண்ணைப் பழைய பள்ளி விடுவிக்க வேண்டும். பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் அப்பா போய் நின்றால், "இன்ன ஊர்ப் பள்ளியில கேட்டாங்க" என்று அவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் வார்டனோடு போய், புதிய பள்ளியின் தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் புரிந்துகொண்டார். பழைய பள்ளிக்கு அவரே போன் போட்டு, ஊரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

வணிகவியல் பிள்ளைகளின் படிப்பு இங்கே உதவும் என்று நான் முதலில் நினைக்கவே இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் வரத் தொடங்கியது. காப்பகத்தில் ஒருவருக்கு அப்போது மாதம் 1000 ரூபாய் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக அவர் அதைத் தொடவில்லை. பிள்ளைக்குச் செருப்பு அறுந்து ஊக்குக் குத்திப் போட்டிருக்கிறது, ஆனாலும் எடுக்கவில்லை. கடைசி ஆண்டு மாணவி ஒருத்தி பாஸ்புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் காரணத்தைப் பிடித்தாள். கணக்கோடு இணைந்த கைபேசி எண் கணவனுடையது. ஏடிஎம்மில் நூறு ரூபாய் எடுத்தாலும் எங்கே எடுத்தது என்று அவனுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். ரேஷன் கடையில் பொருள் வாங்கினாலும் அட்டையில் பதிந்த எண்ணுக்கு அப்படித்தான். ஓடிவந்த பெண்ணை ஊர்ஊராகத் தேட வேண்டியதில்லை, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

வங்கிக் கவுன்டரில், "கணக்கு இருக்கிற கிளைக்குப் போங்க" என்றார்கள். அந்தக் கிளை மாமியார் ஊரில் இருக்கிறது. மாணவி விடவில்லை. மேலாளர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு, சுருக்கமாகச் சொல்லி, ஆதாரையும் படிவத்தையும் நீட்டினாள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்தப் பெண்ணின் பட்டன் போனில் முதல் செய்தி வந்து விழுந்தபோது அவர் அதை உதட்டை அசைத்து இரண்டு முறை படித்தார். பிறகு ஏடிஎம்முக்குப் போய் ஐந்நூறு எடுத்தார். செருப்பு வாங்கிக்கொண்டுதான் காப்பகத்துக்குத் திரும்பினார்கள்.

இந்த மாதிரி வேலைகளுக்குக் கைதட்டல் கிடையாது. படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் காப்பகங்களில் ஆள் பற்றாத இடம் இதுதான். வார்டன், மன ஆறுதலும் ஆலோசனையும் தரும் ஆற்றுப்படுத்துநர், சமையல்காரர், காவலாளி என்று சொற்பப் பேர் இருப்பார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆதார் முகவரி, வங்கி, ரேஷன் அட்டை, பிள்ளையின் சாதிச் சான்று, மருத்துவமனை, நீதிமன்றம் என்று பத்து இடம் அலைய வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181-இல் கூப்பிட்டு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உடனடி உதவி தரும் அரசின் சகி மையத்தில் அதிகபட்சம் ஐந்து நாள் தங்கி, அங்கிருந்து காப்பகத்துக்கு வந்து சேர்கிறவரைக்கும் ஒரு வேகத்தில் எல்லாம் நடந்துவிடும். அதற்குப் பிறகுதான் அலைச்சல்.

சட்டம் என்னவோ விரைவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. மனு கிடைத்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயற்சி என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த ஏழு வருஷத்தில் நான் அறிந்த வழக்குகளில் அறுபது நாளில் முடிந்தது ஒன்றுகூட இல்லை. வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் பெண் போய்வர ஒரு பகல் போகும். பள்ளிவிட்டு நாலேகாலுக்குப் பிள்ளை திரும்பும்போது அம்மா இன்னும் பஸ்ஸில்தான் இருப்பார். நீதிமன்றத்துக்குப் போன அம்மா திரும்பி வருவாரா என்று அந்தப் பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மாணவிகள் வகுப்பு முடிந்து முறைவைத்துப் போய் அந்த இரண்டு மணி நேரம் கூட இருக்கிறார்கள். வீட்டுப்பாடம் எழுதச் சொல்வார்கள், பல்லாங்குழி ஆடுவார்கள், ஒன்றும் செய்யாமல் சும்மாவும் இருப்பார்கள்.

சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும்போது, மனைவிக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை 17-ஆவது பிரிவில் இருக்கிறது என்று சொன்னேன். "வீடு மாமனார் பேர்ல இருந்தாலுமா மேம்?" என்று ஒருத்தி கேட்டாள். மருமகளாக அங்கே குடித்தனம் நடத்தியிருந்தால் அதுவும் பகிர்ந்து வாழ்ந்த வீடாகக் கருதப்படலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் சொல்லியிருக்கிறது என்றேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். யாருக்காகப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஆண் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்று சிலர் கேட்கிறார்கள். காப்பகத்துக்குள் அவர்களை அனுப்புவதில்லை. அதை விளக்கிச் சொன்னால் வருத்தப்படாமல் புரிந்துகொள்கிறார்கள். வருஷ நடுவில் பள்ளி மாறும் பிள்ளைகளுக்குப் புத்தகம் இருக்காது. எங்கள் மாணவர் ஐந்து பேர் வகுப்புவாரியாக, தமிழ்வழி ஆங்கிலவழி பிரித்து, பழைய பாடநூல்களைச் சேகரித்து, கிழிந்ததை ஒட்டி, அட்டை போட்டுக் கட்டிவைக்கிறார்கள். கோர்ட்டில் கொடுக்கும் நகல்களை ஜெராக்ஸ் எடுத்து வரிசைப்படுத்தித் தருகிறார்கள். எந்தப் பெண்ணுக்கு, எந்தப் பிள்ளைக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அவர்களில் ஒருவனைப் பற்றி, அவன் அனுமதியோடு, அடையாளத்தை மாற்றி எழுதுகிறேன். பயிற்சி வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் துறைக்கு வந்தான். பை தோளில்தான் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மேம், அங்க எங்க அம்மாவைச் சேத்துப்பாங்களா?" என்றான்.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனால் வன்முறைக்கு ஆளானதாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வில் அகில இந்திய அளவை விட நம் மாநிலத்தில் இது அதிகம். நாடு முழுக்க எடுத்தால், அடிபட்ட பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். இந்தக் கணக்கை எத்தனையோ கூட்டத்தில் நான் வாசித்திருக்கிறேன். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் என் வகுப்பறையில் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. காப்பகத்துக்கு உதவப் போகும் பிள்ளைகள் வேறு, அங்கிருக்கும் பிள்ளைகள் வேறு என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் அம்மா இதுவரை வரவில்லை. அந்த வீட்டில்தான் இருக்கிறார். மகன் படிப்பு முடியட்டும் என்கிறாராம். 181 அவருக்கு மனப்பாடம். அவருடைய ஆதார் நகல், திருமணப் பத்திரிகை, மகனின் மதிப்பெண் சான்றுகள் எல்லாம் ஓர் உறையில் என் பீரோவில் இருக்கின்றன. எந்த நாளும் எந்த நேரமும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, காப்பகச் சேவைக்குப் பிள்ளைகளை அனுப்பும் கல்லூரிகள், அனுப்புவதற்கு முன்பு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் உள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையோ சகி மைய ஆற்றுப்படுத்துநரையோ அழைத்து ஒருநாளாவது பேச வைக்க வேண்டும். அங்கே கேட்பதும் பார்ப்பதும் சில பிள்ளைகளுக்கு வீட்டு நினைவைக் கிளப்பிவிடும். அவர்கள் வந்து பேச ஓர் ஆள், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, கல்லூரியிலேயே இருக்க வேண்டும். நாற்பது பேரை ஒருநாள் கூட்டிப்போவதைவிட ஆறு பேரை இரண்டு வருஷம் அனுப்புங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கும் மதிப்பீடு செய்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: இந்த ஒரு சேவைக்காவது ஜியோ டேக் படம் கேட்காதீர்கள். நாங்கள் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம். அதில் மாணவியின் பெயர், வந்த நேரம், போன நேரம், வார்டன் கையெழுத்து. காப்பகத்தின் பெயரும் ஊரும் கிடையாது. ஆய்வுக்கு வந்தவர் அதைப் புரட்டிவிட்டு, "படம் எங்க?" என்றார். இல்லை என்றேன், காரணத்தையும் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் 240 மணி நேரத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் எவையும் கணக்கில் ஏறவில்லை. அந்த ஆறு பிள்ளைகளும் சான்றிதழுக்காகத் தனியாக மரம் நட்டார்கள், இதையும் விடவில்லை. இரண்டையும் சுமக்கச் சொல்வது நியாயமா? அந்தப் பதிவேடு ஒன்றே போதும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் எத்தனையோ கல்லூரிகள் முன்வரும்.

பொருளாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கு இனிப்பு ஏழெட்டு இடத்திலிருந்து வந்து குவிகிறது, பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான பெண்கள் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக வருகிறார்கள். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை இருந்தால் அதிகம். அவர்களுக்கு முதலில் வேண்டியது புது உள்ளாடை, பல அளவில், புதிதாக. யாரும் கொண்டுவராத பொருள் அதுதான். பிறகு பூட்டும் சாவியும் உள்ள சின்னப் பெட்டி. தன் சாமானைத் தானே பூட்டி, சாவியைத் தாலிக்கயிறு இருந்த இடத்தில் கோத்துப் போட்டுக்கொண்டு திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் செலவு, கோர்ட்டுக்குப் போய்வரும் செலவு, இவற்றுக்கு வார்டன் கையில் மாதம் ஐந்நூறு கொடுத்தாலே பெரிய உதவி.

கடைசியாகத் தங்களிடம். மாணவர்கள் செய்யும் நல்ல காரியம் பத்திரிகையில் வர வேண்டும், வந்தால்தான் அடுத்த கல்லூரி முன்வரும். அதை நான் மறுக்கவில்லை. காப்பகத்தின் பெயர், தெரு, வாசல், அங்கிருப்பவர்களின் முகம் இல்லாமல் செய்தி போடுங்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்ட, குற்றத்தைக் கண்ட குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. அந்தப் போர்வைப் படத்தில் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும் பையனுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். தங்கள் இணையப் பக்கத்தில் அந்தப் படம் இன்று காலைவரை இருக்கிறது. இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, அதை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வெளியிடுவதாக இருந்தால், எந்தக் காப்பகம், எந்தக் கல்லூரி என்று கேட்டு நிருபரை அனுப்ப வேண்டாம். முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படம் ஒன்றை இந்த மாதிரிச் செய்திகளுக்குப் பக்கத்தில் வழக்கமாகப் போடுவீர்கள், அதுவும் வேண்டாம். எங்கள் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பெண்கள் மின்விசிறிக்குக் கீழே வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வெளி வராந்தாவில் பிள்ளைகள் சத்தம் போடாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வணிகவியல் பேராசிரியை,
முன்னாள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்,
தென்மாவட்டக் கல்லூரி ஒன்று